ஆளில்லாத மைதானத்தில் தொடங்குங்கள்: கொழும்பில் விளையாட்டு நிருபராக விரும்புவோருக்கு

கொழும்பில் அச்சாகும் தமிழ் நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தை விரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கிரிக்கெட், மிச்சத்தில் கொஞ்சம் ஐரோப்பியக் காற்பந்தாட்டம். பெரும்பாலானவை செய்தி முகவரகங்கள் அனுப்பி, ஆசிரிய பீடத்து மேசையில் தமிழானவை. வாசகர் கேட்கிறார், பத்திரிகை கொடுக்கிறது. ஆனால் அந்தச் செய்தி அச்சேறும் முன்பே வாசகரின் கைபேசியில் பழசாகிவிடுகிறது. அதே நாள் மாலையில் சுகததாச அரங்கில், வவுனியாவிலிருந்து வந்த மாணவி ஒருத்தி 800 மீற்றர் ஓடி வென்றிருக்கக்கூடும். அதைப் பார்த்துத் தமிழில் எழுத அங்கே ஆள் இருந்ததா என்பது அவளுடைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இந்தத் துறைக்கு வர விரும்பி என்னிடம் பேசும் இளையோர் அநேகமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "பிரேமதாச அரங்கில் ஊடகவியலாளர் பகுதிக்குள் எப்படிப் போவது?" அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. இலங்கையும் இந்தியாவும் மோதும் போட்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தொலைக்காட்சி பார்த்த எல்லோருக்கும் தெரியும். வேறு எவர் கையிலும் இல்லாத செய்தியைக் கொண்டுவந்து கொடுப்பவருக்குத்தான் ஆசிரிய பீடத்தில் கதிரை கிடைக்கும். அந்தச் செய்தி கூட்டமில்லாத மைதானங்களில் கிடக்கிறது.

இந்த வேலையால் யாருக்கு என்ன பயன்

"விளையாட்டுச் செய்திதானே" என்று வீட்டில் சொல்வார்கள். ஆசிரிய பீடத்து அரசியல் நிருபர்களும் சொல்வார்கள், கொஞ்சம் நாகரிகமாக. இரண்டு பதில்களைத் தயாராக வைத்திருங்கள்.

முதலாவது பதில், ஆவணம். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. இன்று அவரைப் பற்றி எழுதுகிறவர் பழைய பத்திரிகைக் கட்டுகளிடம்தான் போகிறார். 2018இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் தர்ஜினி சிவலிங்கம் இருந்தார். உலகமே அண்ணாந்து பார்த்த வீராங்கனை. ஆனால் அவர் பாடசாலைக் காலத்தில் ஆடிய ஆட்டங்களின் புள்ளிகளைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது எவ்வளவு சொற்பம் என்று தெரியும். வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு என்று எங்கு விளையாடினாலும் தமிழ்ப் பிள்ளைகளின் ஆரம்ப கால விளையாட்டை ஆங்கிலப் பத்திரிகை எழுதும் என்று காத்திருக்க முடியாது.

இரண்டாவது பதில், கண்காணிப்பு. 2023 ஜனவரியில் இலங்கைக் காற்பந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில், அரசாங்கத் தலையீட்டைக் காரணம் காட்டி, சர்வதேச கிரிக்கெட் சபை ஸ்ரீலங்கா கிரிக்கெட்டை இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. 2024 ஜனவரியில்தான் தடை நீங்கியது. அந்த வாரங்களில் விளையாட்டு நிருபர் விளக்கவேண்டியிருந்தவை: 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்கு என்ன அதிகாரம் தருகிறது, தேசிய அணியின் தெரிவுக்கு அவருடைய ஒப்புதல் ஏன் வேண்டும், கிரிக்கெட் நிர்வாக சபையை அமைச்சர் கலைத்ததற்கு எதிராக நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவு எதைத் தடுக்கிறது என்பவை. இவற்றைத் தமிழில் தெளிவாக எழுதக்கூடியவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவுதான் உங்கள் வாய்ப்பு.

முதற்படி: ஒரு மைதானம், ஒரு விளையாட்டு, ஒரு பருவகாலம்

கொழும்பைப் போல் சிறிய பரப்புக்குள் இவ்வளவு மைதானங்களை அடுக்கி வைத்திருக்கும் நகரங்கள் அதிகமில்லை. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு பருவகாலம் முழுவதும் அங்கேயே போங்கள்.

கிரிக்கெட்தான் வேண்டும் என்றால் பொரளையிலுள்ள பி. சரவணமுத்து அரங்கில் தொடங்கலாம். 1899இல் உருவான தமிழ் யூனியன் கழகத்தின் தாய்மைதானம் அது. 1982 பெப்ரவரி 17இல் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக ஆடியது அங்கேதான். 1985இல் இந்தியாவை வீழ்த்தி முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். 800 டெஸ்ட் விக்கெட்டுகள் வீழ்த்திய முரளிதரனின் கழகமும் அதுவே. கழகப் போட்டிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, பார்வையாளரும் கிடையாது. நிழலான இடத்தில் உட்கார்ந்து நாள் முழுவதும் பார்க்கலாம், இடைவேளையில் பயிற்றுநரோடு பேசலாம். சர்வதேசப் போட்டியில் மூன்று கதவுகளுக்கு அப்பால் நிற்கும் வீரர் இங்கே உங்களுக்கு இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்திருப்பார்.

இந்த மைதானத்தைப் பற்றி இன்னொரு கதை உண்டு. 1948இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கே ஒரு போட்டி ஆடியது. மகாதேவன் சதாசிவம் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். ஆடுகளம் 22 யார்ட்டுக்குப் பதிலாக 20 யார்ட் நீளமே இருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. விளையாட்டு நிருபராக வருகிறவர்கள் இந்தக் கதையை மனத்தில் வைத்திருக்கலாம்: அத்தனை பெரிய மனிதர்கள் கூடியிருந்த இடத்தில் ஆடுகளத்தை அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மார்ச் மாதம் பாடசாலைகளின் கிரிக்கெட் பெருஞ்சமர்களின் மாதம். 1879இலிருந்து நடக்கும் ரோயல் – தோமியன் போட்டியைப் பார்க்க எஸ்.எஸ்.சி. மைதானத்துக்குப் போங்கள், பப்பரே இசையை ரசியுங்கள்; ஆனால் அங்கே உங்களுக்கு முன்பே ஆங்கில, சிங்கள ஊடகங்களிலிருந்து நிறையப் பேர் வந்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமரைப் பற்றிக் கொழும்பிலிருந்து எழுதுவதற்கு வேறொரு வழி இருக்கிறது: வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வசிக்கும் பழைய மாணவர்கள். இரண்டு கல்லூரிகளுக்கும் கொழும்பில் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. அறுபதுகளில் ஆடியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தால், அந்த வாரம் உங்கள் கட்டுரைக்கு நிகராக இன்னொன்று இருக்காது.

என் விருப்பத்தைக் கேட்டால், கிரிக்கெட்டை விட்டு வெளியே வாருங்கள் என்பேன். கரப்பந்தாட்டம் இந்த நாட்டின் தேசிய விளையாட்டு. அது எத்தனை பக்கங்களில் தலைப்புச் செய்தியாகிறது என்று எண்ணிப் பாருங்கள். சுகததாச அரங்கில் மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும் நாட்களில் வடக்கு கிழக்கிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பாடசாலை அணிகளோடு காலையிலிருந்தே இருக்கலாம். சிட்டி லீக் மைதானத்துக் காற்பந்தாட்டம், ரேஸ்கோர்ஸில் நடக்கும் ரக்பி, பாடசாலைகளுக்கிடையிலான வலைப்பந்தாட்டம், இவற்றில் எதுவும் சரி. ஒன்றை எடுத்துக்கொண்டு, நான்கு மாதங்களில் அந்த விளையாட்டின் எல்லாப் பயிற்றுநருக்கும் உங்கள் முகம் தெரியும்படி செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு செய்தி உங்களைத் தேடி வரும்: "தம்பி, நாளைக்கு வாங்கோ, புதுப் பொடியன் ஒருத்தன் ஓடுறான்."

மைதானத்தில் முதலில் போய் உட்காரவேண்டிய இடம் ஸ்கோரரின் மேசை. பிளேன்டீ ஒன்று வாங்கிக் கொடுத்து, அவர் எழுதுவதைப் பாருங்கள். எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பாடம் அது.

இரண்டாம் படி: கணக்கு

அழகாக எழுதுகிற பலர் இந்தத் துறையில் நிலைக்காமல் போவது இங்கேதான். எண்ணில் ஒரு பிழை வந்தால் வாசகர் மீதிக் கட்டுரையை நம்பமாட்டார். ஸ்கோர் அட்டை கையில் வந்ததும் வாசிக்கும் முன் கூட்டிப் பாருங்கள்.

ஒரு பயிற்சி. 2023 செப்டெம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி, பிரேமதாச அரங்கு. இந்தியாவுக்கு எதிராக இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. குசல் மெண்டிஸ் 17, துஷான் ஹேமந்த ஆட்டமிழக்காமல் 13, துனித் வெல்லாலகே 8, தனஞ்சய டி சில்வா 4, பத்தும் நிஸ்ஸங்க 2, பிரமோத் மதுஷான் 1. ஐந்து பேர் பூச்சியம். கூட்டினால் 45. உதிரி ஓட்டங்கள் 5. ஆக 50, சரி. பந்துவீச்சில் பும்ரா 5 ஓவர், சிராஜ் 7, ஹார்திக் பாண்டியா 2.2, குல்தீப் யாதவ் 1, மொத்தம் 15.2. விக்கெட்டுகள் சிராஜுக்கு 6, பாண்டியாவுக்கு 3, பும்ராவுக்கு 1, பத்து விக்கெட்டுகளும் வந்துவிட்டன. இதற்கு ஒரு நிமிடம் போதும். பாடசாலைப் போட்டிகளின் ஸ்கோர் அட்டைகள் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. கூட்டுத்தொகை இடிக்கும்போது உடனே ஸ்கோரரிடம் திரும்பிப் போங்கள். வீட்டுக்குப் போனபிறகு அதைத் தீர்க்க வழியில்லை.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதற்கேயுரிய பொறிகள் உண்டு. 100 மீற்றர், 200 மீற்றர், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் ஆகியவற்றில் முதுகுப்பக்கக் காற்று வினாடிக்கு 2 மீற்றருக்கு மேல் வீசினால் சாதனையாகக் கணக்கெடுக்கமாட்டார்கள். கைக்கடிகார நேரமும் மின்னியல் நேரமும் வேறு. 2022இல் யுபுன் அபேகோன் 9.96 வினாடியில் ஓடி, 100 மீற்றரைப் பத்து வினாடிக்குள் முடித்த முதலாவது தெற்காசியரானார் என்று உறுதியாக எழுத முடிந்தது, நேரமும் காற்றின் வேகமும் முறைப்படி பதிவானதால்தான். பாடசாலைப் போட்டியொன்றில் "புதிய சாதனை" என்று ஒலிபெருக்கி சொன்னால், எந்தச் சாதனை, யாருடைய பழைய சாதனை, எந்த ஆண்டு என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். காற்பந்தாட்டத்தில் கோல் விழுந்த நிமிடத்தை அப்போதே குறியுங்கள். வலைப்பந்தாட்டத்தில் நான்கு கால்பகுதிகளின் புள்ளிகளையும் தனித்தனியே எழுதுங்கள்; ஆட்டம் எங்கே திரும்பியது என்பது அதில்தான் தெரியும்.

பெயர்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். போட்டி தொடங்கும் முன் இரு அணிகளின் பெயர்ப் பட்டியலையும் முதலெழுத்துகளோடு வாங்குங்கள். தமிழ்ப் பிள்ளையின் பெயரை ஆங்கிலப் பட்டியலிலிருந்து ஊகித்துத் தமிழாக்கவேண்டாம். பிள்ளையிடமே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பத்திரிகைத் துண்டை ஓர் அம்மா வெட்டி அலுமாரியில் வைக்கப்போகிறார்.

மூன்றாம் படி: முதல் பந்தி

நமது விளையாட்டுப் பக்கங்களில் இன்னும் வழக்கிலிருக்கும் தொடக்கம் இப்படி இருக்கும்: "ஆசியக் கிண்ணத் தொடரின் இறுதிப் போட்டி கொழும்பு ஆர். பிரேமதாச சர்வதேச கிரிக்கெட் அரங்கில் நேற்று ஞாயிற்றுக்கிழமை நடைபெற்றது. நாணயச் சுழற்சியில் வெற்றிபெற்ற இலங்கை அணி முதலில் துடுப்பெடுத்தாடத் தீர்மானித்தது." பிழை எதுவுமில்லை. ஆனால் இரண்டு வாக்கியம் வாசித்தும் வாசகருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதையே இப்படித் தொடங்கலாம்: "நான்காவது ஓவரிலேயே இறுதிப் போட்டி முடிந்துவிட்டது. மொஹமட் சிராஜ் அந்த ஓவரில் வீழ்த்திய நான்கு விக்கெட்டுகளுக்குப் பிறகு நடந்ததெல்லாம் சம்பிரதாயம்." இடமும் நாளும் நாணயச் சுழற்சியும் மூன்றாவது வாக்கியத்திலிருந்து வந்து சேரட்டும். முடிவைத் தெரிந்துகொண்டுதான் வாசகர் பத்திரிகையை எடுக்கிறார். அவருக்கு நீங்கள் சொல்லவேண்டியது அது எப்படி நடந்தது என்பதை.

அன்றைக்கு அந்த அரங்கில் இன்னொரு செய்தி இருந்தது. அந்தத் தொடர் முழுவதும் மழை. இந்திய – பாகிஸ்தான் ஆட்டம் ஒன்று மறுநாளுக்கு நீண்டது. ஒவ்வொரு முறையும் விரிப்பை இழுத்துக்கொண்டு ஓடியவர்கள் மைதானப் பணியாளர்கள். சிராஜ் ஆட்டநாயகனுக்கான 5000 டொலர் பரிசை அவர்களுக்கே கொடுத்தார். ஆசிய கிரிக்கெட் பேரவையும் ஸ்ரீலங்கா கிரிக்கெட்டும் கொழும்பு, கண்டி மைதானப் பணியாளர்களுக்கு 50,000 டொலர் அறிவித்தன. உலகம் முழுவதும் அதை இரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டது. அந்தப் பணியாளர்களிடம் பஸ் ஏறிப் போய்ப் பேசக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் நாம். மழை விரிப்பின் எடை என்ன, அதை இழுக்க எத்தனை பேர் வேண்டும், வானத்தைப் பார்த்து யார் முடிவெடுக்கிறார் என்று கேட்டால் ஒரு பக்கக் கட்டுரை எழுந்து வரும். உள்ளூர் நிருபரின் பலம் இதில்தான் இருக்கிறது.

நீளத்தைப் பொறுத்தவரை, சாதாரண பாடசாலைப் போட்டிக்கு நூற்றைம்பது சொற்கள் போதும். நீட்டி எழுதினால் பக்க வடிவமைப்பாளர் கீழிருந்து வெட்டுவார். எனவே முக்கியமானதைக் கீழே வைக்காதீர்கள். தூர மாவட்டங்களுக்குப் போகும் பிரதிகள் முன்னிரவிலேயே அச்சுக்குப் போய்விடும். பகலிரவுப் போட்டி என்றால் முதல் இனிங்ஸ் முடிந்தவுடன் பாதிச் செய்தியை எழுதி அனுப்பிவிடவேண்டும். இரண்டு முடிவுகளுக்கும் தலைப்பு எழுதி வைத்திருப்பது பழைய நிருபர்களின் வழக்கம், நல்ல வழக்கம்.

கேள்வி கேட்பது

"வெற்றியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் "மகிழ்ச்சியாக இருக்கிறது, பயிற்றுநருக்கும் பெற்றோருக்கும் நன்றி" என்ற பதில்தான் வரும். குறை பதிலில் இல்லை. நடந்த ஒரு கணத்தைப் பிடித்துக் கேளுங்கள்: "கடைசி வளைவில் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தீர்களே, யாரைத் தேடினீர்கள்?" பதினைந்து வயதுப் பிள்ளையிடம் என்றால் "தங்கச்சி, பயிற்சிக்கு எத்தனை மணிக்கு எழும்புவீங்கள், ஓடுற சப்பாத்து யார் வாங்கித் தந்தது?" என்று தொடங்கினால் கதை தானாக வரும். தோற்றவரிடமும் பேசுங்கள், பெரும்பாலும் அவரிடம்தான் நல்ல கதை இருக்கும். பத்து நிமிடம் விட்டுப் போய்ப் பேசுங்கள்.

பாடசாலைப் பிள்ளைகள் என்றால் பொறுப்பாசிரியரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டே பேட்டி எடுக்கவேண்டும். காயம், குடும்ப வறுமை, நோய் ஆகியவற்றை எழுதும் முன் பெற்றோரின் சம்மதம் அவசியம். வறுமையை உருக்கமாக எழுதிக் கைதட்டல் வாங்குவது சுலபம். மறுநாள் அந்தப் பிள்ளை அதே வகுப்பறைக்குத்தான் போகவேண்டும்.

சிங்களம் தெரியாமல் கொழும்பில் இந்த வேலையைச் செய்வது கடினம். சம்மேளனங்களின் அறிவித்தல்கள் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும். ஊடகவியலாளர் சந்திப்புகளும் அப்படியே. உரையாடும் அளவுக்குச் சிங்களம், வாசித்து விளங்கும் அளவுக்கு ஆங்கிலம், பிழையில்லாத தமிழ். மும்மொழியும் கையாளும் நிருபரை இழக்க எந்த ஆசிரியரும் விரும்பமாட்டார்.

வாசலைத் தட்டுதல்

இலங்கைப் பத்திரிகை ஸ்தாபனத்தின் கீழ் 2004இல் தொடங்கப்பட்ட இலங்கை இதழியல் கல்லூரி கொழும்பில் தமிழிலும் டிப்ளோமா நடத்துகிறது. பல்கலைக்கழகங்களிலும் ஊடகக் கற்கைகள் உண்டு. சான்றிதழ் பயன்படும், ஆனால் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் முதலில் கேட்பது "எழுதினதைக் காட்டுங்கோ" என்றுதான். அதனால் படிக்கும் காலத்திலேயே மைதானத்துக்குப் போய்ப் பத்துப் பன்னிரண்டு செய்திகளை எழுதி வைத்திருங்கள். வெளியாகாதவையாக இருந்தாலும் பரவாயில்லை.

1930இலிருந்து வரும் வீரகேசரி, லேக் ஹவுஸின் தினகரன், 1997இல் தொடங்கிய தினக்குரல், தமிழ் மிரர் போன்றவை ஒரு பக்கம். தமிழ் வானொலிகள் இன்னொரு பக்கம். தமிழிலும் செய்தி தரும் த பப்பரே (ThePapare) போன்ற விளையாட்டு இணையத்தளங்கள் வேறு, பாடசாலை விளையாட்டில் ஆர்வமுள்ளவர்களுக்கு அவை நல்ல வாசல். ஆசிரியரைப் பார்க்கப் பிற்பகலின் தொடக்கத்தில் போங்கள். மாலையில் பக்கம் கட்டும் அவசரத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். "எந்த வேலையும் செய்வேன்" என்று சொல்லாமல், "அடுத்த மூன்று மாதம் பாடசாலை வலைப்பந்தாட்டம் முழுவதையும் நான் தருகிறேன்" என்று சொல்லுங்கள். யாரும் ஏற்காத ஒன்றை ஏற்பவரை மறுப்பது கஷ்டம்.

யுனிகோட் தட்டச்சோடு, பழைய தமிழ் எழுத்துருவான பாமினியின் விசைப்பலகையையும் பழகிக்கொள்ளுங்கள். பல அச்சகங்களில் இன்னும் அதன் ஆட்சி முடியவில்லை. வானொலிக்குப் போக விரும்புகிறவர்கள் தொலைக்காட்சியின் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, ஐந்து ஓவர்களுக்கு நீங்களே வர்ணனை சொல்லிப் பதிவுசெய்து கேளுங்கள். கேட்பவருக்குப் பந்து தெரியாது. ஓட்ட எண்ணிக்கையை எத்தனை தடவை சொல்ல மறந்தீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஊடக அனுமதி அட்டைக்கு இப்போது வரலாம். அரசாங்கத் தகவல் திணைக்களம் வழங்கும் ஊடகவியலாளர் அடையாள அட்டை நிறுவனத்தின் சிபாரிசோடு கிடைக்கும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். சர்வதேசத் தொடர்களுக்கு ஸ்ரீலங்கா கிரிக்கெட் தொடர் தொடங்கும் முன்பே விண்ணப்பம் கோரும். கடைசி நாளைத் தவறவிட்டால் தொலைக்காட்சிதான். ஒலிம்பிக் அனுமதிகள் தேசிய ஒலிம்பிக் குழுவின் ஊடாகப் போகின்றன. பகலிரவுப் போட்டி முடிந்து, பிரேமதாச அரங்கு இருக்கும் மாளிகாவத்தையிலிருந்து வீடு போகும் வழியை, குறிப்பாகப் பெண் நிருபர்கள், போகும்போதே ஒழுங்குசெய்துவிடுங்கள். சக நிருபர்களோடு பங்கிட்டு பிக்மீ வாடகை வண்டி எடுப்பது வழக்கம்; அந்தக் கட்டணத்தை நிறுவனம் தருமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

தூண்டில்களும் ஒரு சாவியும்

புதிய நிருபருக்கு வரும் முதலாவது நல்ல சம்பளக் கடிதம் பந்தயத் தளமொன்றிலிருந்து வரக்கூடும். "போட்டி முன்னோட்டம் எழுதுங்கள், அணி விபரம் முன்கூட்டியே தெரிந்தால் சொல்லுங்கள்" என்பார்கள். அந்தப் பக்கம் போகவேண்டாம். 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் விளையாட்டு மோசடியைக் குற்றவியல் குற்றமாக்கியிருக்கிறது. பத்து ஆண்டு வரை சிறை. ஆட்டத்தை விற்பவர்களோடு உள்ளகத் தகவலைக் கொடுப்பவர்களும் அதன் வலைக்குள் வருகிறார்கள். உடைமாற்றும் அறையில் காதில் விழுந்த காயச் செய்தியை யாரிடம் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை.

சம்மேளனமொன்றின் ஊடக அலுவலராகச் சம்பளம் பெற்றுக்கொண்டு அதே சம்மேளனத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதும் நமது சூழலில் சாதாரணமாக நடக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒளிபரப்பாளரின் காட்சித் துண்டுகளை உங்கள் யூடியூப் பக்கத்தில் போடாதீர்கள்; உங்கள் கைபேசியில் நீங்கள் எடுத்த பாடசாலைப் போட்டியின் இரண்டு நிமிடம் அதைவிடப் பெறுமதியானது.

சாவி என்று சொன்னது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தை. விளையாட்டு நிருபர்கள் மிக அரிதாகவே பயன்படுத்துகிறார்கள். உங்கள் மாவட்ட விளையாட்டரங்குக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, வெளிநாட்டுப் பயணத்தில் வீரர்கள் எத்தனை பேர், அதிகாரிகள் எத்தனை பேர் என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். வீரர்களைவிட அதிகாரிகள் அதிகம் என்று ஒரு பதில் வந்தால், உங்களுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

பணம்

ஆரம்பத்தில் குறைவாகத்தான் கிடைக்கும். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கொடுக்கும் இடங்களில் போக்குவரத்துச் செலவு போக மிஞ்சுவது சொற்பம். அதனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மொழிபெயர்ப்பு, மாலை வகுப்பு, ஸ்கோரர் வேலை என்று இன்னொரு வருமானத்தைக் கைவிடாமல் இருங்கள். ஸ்கோரர் வேலை உங்கள் எழுத்துக்கும் உதவும்.

முழுநேரமாகச் சேர்க்கும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். பயிலுநர் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் வழக்கம் நமது துறையில் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் தனியாக 3 வீதம் கட்டவேண்டும். சம்பளச் சீட்டில் அது தெரிகிறதா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம், சட்டப்படி உங்களுக்குரியது.

சுயாதீனமாக எழுதுகிறவர்கள் வெளியான ஒவ்வொரு செய்தியையும் தேதி, பக்கம், தலைப்பு என்று ஒரு கொப்பியில் பதிந்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்கு நேரில் போங்கள். தொலைபேசியில் கேட்டால் "அடுத்த கிழமை" என்பார்கள்.